‘நிறைவுற்ற கொழுப்பு’: சொல்லும் மூலக்கூற்றமைப்பும்

நலவாழ்வு நூல்களில் ‘நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துக்கொள்க’ என்னும் அறிவுரையைக் காண்கிறோம். தமிழில் ‘நிறைவு’ பாராட்டுப் பொருளது. நிறைவான ஒன்றை ஏன் குறைக்க வேண்டும் எனப் பொதுவாசகர் மயங்குவது இயல்பே. கார்பன் சங்கிலியில் ஹைட்ரஜன் மேலும் சேர இடமில்லை என்பதே இங்குச் சொல்லின் பொருள். கரைசலைக் குறிக்கையில் நம் பாடநூல்கள் ‘தெவிட்டிய’ என்று ஆள்கின்றன. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான்.

இதனினும் இடர் மிக்கது ‘டிரான்ஸ் கொழுப்பு’. ‘மாற்றுக் கொழுப்பு’ என்று பெயர்த்தால், ஒன்றற்குப் பதிலாக வந்த கொழுப்பு என்று பொருள்படும். இலத்தீனில் ‘டிரான்ஸ்’ என்பது ‘அப்புறம்’. ‘சிஸ்’ என்பது ‘இப்புறம்’. (மொழிபெயர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டும் இந்த ‘டிரான்ஸ்’தான்.) எதற்கு அப்புறம் என்பதை அமைப்பே விளக்கும்.

ஸ்டியரிக், ஓலியிக், எலைடிக் என்னும் மூன்று அமிலங்களிலும் கார்பன் அணுக்கள் 18. ஸ்டியரிக்கில் இரட்டைப் பிணைப்பு இல்லை. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்படுவதால் அது ஏறத்தாழ 69 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஓலியிக்கில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதன் இரு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கத்தில் நிற்பதால் சங்கிலி வளைகிறது. உருகுநிலை 13 டிகிரியளவே. எலைடிக்கில் அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் ஓலியிக்கில் உள்ளவையே. ஹைட்ரஜன்கள் மட்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. சங்கிலி ஏறக்குறைய நேராகிறது. உருகுநிலையும் 40 டிகிரியைக் கடக்கிறது.

இந்தப் பக்கமாற்றம் உடலிலும் விளைவு தருகிறது. டிரான்ஸ் அமிலங்கள் குருதியில் தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்டிராலைத் தாழ்த்தவும் செய்கின்றன என்பதை நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டன் ஆகியோர் 1990இல் காட்டினர். நிறைவுற்ற கொழுப்புகள் பொதுவாகத் தீயதை உயர்த்தினும் நல்லதைத் தாழ்த்துவதில்லை. ஸ்டியரிக் அமிலமோ தீயதையும் அவ்வளவாக உயர்த்துவதில்லை. ஆகவே ‘நிறைவுற்ற’ என்பதைத் ‘தீய’ என்று பெயர்ப்பதும் பிழையே.

எண்ணெயை வனஸ்பதியாக்கும்போது ஹைட்ரஜனேற்றம் பாதியில் நிறுத்தப்பட்டால் டிரான்ஸ் அமிலம் மிகுகிறது. முழுமையாக நடந்தால் இரட்டைப் பிணைப்பே எஞ்சாது, ஆகவே டிரான்ஸும் அரிது. எனவே ‘பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்’ என்னும் தொடரில் ‘பகுதி’யை மிகை எனக் கருதி நீக்கும் மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கையையே நீக்கிவிடுகிறார். இந்தியாவில் 2022 முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் தொழில்முறையில் உண்டாகும் டிரான்ஸ் அமிலத்திற்கு 2 விழுக்காடு வரம்பாகியுள்ளது. சட்ட வாசகத்தைப் பெயர்ப்போர் ‘தொழில்முறையில் உண்டாகும்’ என்னும் அடையையும் விடலாகாது. பாலிலும் நெய்யிலும் இயற்கையாகவே சிறிதளவு டிரான்ஸ் உண்டு.

‘எதிர்ப்பக்கக் கொழுப்பு’ என்பது அமைப்பை உணர்த்தும் ஆக்கம். ஆயினும் அடைப்புக்குள் ‘டிரான்ஸ்’ என்பதையும் தருதல் இப்போதைக்குத் தேவை.