வைஃபை பெட்டிக்கு ஓர் இடம்

"ரீச்சர், உங்கட முகம் அப்படியே நிக்குது. சத்தமும் விட்டு விட்டுத்தான் கேக்குது."

சென்ற ஆண்டு முழுவதும் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் கற்பிக்கின்றேன். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. இவர் காலமான பின்னர் வீட்டுச் செலவில் பாதி இந்த வகுப்புகளால்தான் ஓடுகிறது. அப்படியிருக்க, இரண்டு பிள்ளைகளின் தாயார் ஒருவர், "குறை நினைக்காதேங்கோ அக்கா, பிள்ளையள் சலிச்சுப் போச்சினம். அடுத்த மாதம் வேற இடம் பாக்கிறம்" என்று குரல்பதிவு அனுப்பினார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு அழைத்தேன். பெரிய பொதிக்கு மாறும்படி சொன்னார்கள். மாதக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேறு வழியின்றிச் சம்மதிக்க இருந்த வேளையில் பக்கத்து வீட்டுத் தம்பி தடுத்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவன்.

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி. வெளியில இருந்து வாற லைன் மெதுவோ, வீட்டுக்குள்ள வைஃபை மெதுவோ எண்டு முதல்ல பாப்பம்."

இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் குழாய் அடைத்திருந்தால் குசினியில் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்? அதே கதைதான். அவன் ரவுட்டரிலிருந்து ஒரு கம்பியை நேரே மடிக்கணினியில் மாட்டி வேகத்தை அளந்தான். வரும் வேகம் 28 எம்பிபிஎஸ், போகும் வேகம் 9. பின்னர் நான் படிப்பிக்கும் பின்னறையில் கம்பியில்லாமல் அளந்தான். வருவது 3, போவது 1கூட இல்லை. என் முகமும் குரலும் பிள்ளைகளிடம் செல்வது இந்தப் "போகும்" வேகத்தில்தான். ஒரு காணொளி வகுப்புக்கு இரண்டு பக்கமும் 3, 4 இருந்தாலே தாராளம். ஆக, நான் காசு கொடுத்து வாங்கிய வேகம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

எங்களுடையது தாத்தா காலத்துச் சுண்ணக்கல் வீடு. சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்பு. ரவுட்டரோ முன் மண்டப மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னால், தரையில் கிடந்தது. பக்கத்தில் நிலைக்கண்ணாடி பதித்த இரும்பு அலுமாரி. அழகாக இல்லையே என்று அதை அங்கே ஒளித்து வைத்ததும் நான்தான்! வைஃபை என்பது வானொலி அலை. இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியின் பின்பூச்சும் அப்படியே. தண்ணீர் அதை உறிஞ்சும், ஆகையால் மீன்தொட்டிக்கு அருகிலும் ரவுட்டரை வைக்கக்கூடாது. நட்டு நிற்கும் அன்ரெனாவிலிருந்து அலைகள் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். தரையில் வைத்தால் பாதி மண்ணுக்குத்தான்.

ஃபைபர் கம்பியை மடித்தால் பழுதாகிவிடும் என்பதால் நாங்கள் கைவைக்கவில்லை. நிறுவனத்து ஆளை வரவழைத்து, சிறு கட்டணம் செலுத்தி, நடு ஓடையில் ஆள் உயரத்தில் ஒரு மரத்தட்டுக்கு மாற்றினோம். (4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவில்லை. ஆனால் அதற்குக் கோபுரத்தின் அலையும் கிடைக்க வேண்டும். யன்னலோரங்களில் வைத்து வைத்து அளந்து பாருங்கள்.) பின்னறையில் வரும் வேகம் 3இலிருந்து 14 ஆயிற்று.

ஆனாலும் மாலை வகுப்பில் ஒரு தடவையாவது படம் உறைந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை சென்றது. அம்மா மைக்ரோவேவில் பால் சூடாக்கும் ஒன்றரை நிமிடம்! அந்த அடுப்பும் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையைப் பாவிக்கின்றன. 5 கிகாஹேட்சுக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை, வேகமும் கூட. ஆனால் அது சுவர்களை ஊடுருவுவதில் பலவீனம். எங்கள் வீட்டுச் சுவரிடம் தோற்றுப்போனது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்பவர்கள் அதையே தெரிவு செய்யலாம்.

அலையைப் பெருக்கும் ரிப்பீற்றர் வாங்கலாமா என்று கேட்டேன். அலை செத்துப்போன அறையில் வைத்தால் பயனில்லை, பாதி வழியில் வைக்க வேண்டும், அப்போதும் சாதாரண வகைகளில் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்றான். கடைசியில் 15 மீற்றர் நெற்வேர்க் கம்பி ஒன்றைச் சுவரோரமாக இழுத்து மடிக்கணினியில் மாட்டினோம். 100 மீற்றர் வரை இழுத்தாலும் வேகம் குறையாதாம். பெரிய பொதிக்குக் கூடுதலாகக் கட்டவிருந்த ஒரு மாதப் பணத்திலும் குறைவாகவே செலவாயிற்று.

கடவுச்சொல்லையும் மாற்றினேன். விருந்துக்கு வந்த மருமக்கள் அயலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருந்தார்களோ, ரவுட்டரில் எனக்குத் தெரியாத ஐந்து கைத்தொலைபேசிகள் இணைந்திருந்தன.

அந்தத் தாயாரிடம், "இன்னும் ஒரே ஒரு வகுப்புக்கு விடுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை மாலை 6.30, ரொறொன்ரோவில் காலை 9 மணி. பாடம் தொடங்கிச் சிறிது நேரத்தில் இளையவன் கையை உயர்த்தினான்.

"ரீச்சர், உங்களுக்குப் பின்னால சுவரில ஒரு பல்லி நிக்குது."