துதிக்கை எழுத்துகள்

மாணவர்களே, மதுரைக்கு வடகிழக்கே, படுத்த யானைபோல் தோன்றும் குன்றினை யானைமலை என்பர். அப்பெயரைப் பாட்டனார் எழுதிய பழங்கடிதம் ஒன்றில் கண்டால் சற்றே திகைப்பீர்கள். அங்கே 'னை', 'லை' என்னும் எழுத்துகளின் முன் சங்கிலிக் கொம்பு தனியே நில்லாது. எழுத்தின் தலையோடு ஒட்டிய, துதிக்கை போன்ற வளைவே இருக்கும். ணை, ளை என்பனவும் அத்தகையனவே. மதுரை, வைகை முதலிய சொற்களுக்கு அன்றும் கொம்புதான்.

யான் சிறுவனாய்ப் பயின்ற நாளில் ஆசிரியர் இவற்றைத் தனியெழுத்தாகக் கற்பித்தாரல்லர். சொல்லின் ஈறாகவே கற்பித்தார். அலை, மலை, சோலை எனச் சிலேட்டு நிறைய எழுதுவோம். பின்னர்ப் பானை, பூனை, துணை, திண்ணை, காளை, நாளை. இரண்டாம் வேற்றுமை ஏற்ற அவனை, அவளை என்பனவும் அவ்வீறுகளுள் அடங்கின. ஆதலின் நான்கு ஈறுகள் கைக்குப் பழகியதும், எழுதுகோலை எடாமலே எண்ணற்ற சொற்களை எழுதி முடித்தோம்.

பெரியார் ஈ.வெ.ரா. 1935இல் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். தமிழக அரசு 1978இல் அதனை ஏற்றபோது இந்நான்கும் கொம்பு பெற்றன. அச்சுக்கோப்போர்க்கு அது பெரும் எளிமை. என் கையோ இன்றும் 'யானை' என எழுதப் புகுந்தால் துதிக்கையையே வரைகிறது; பேரப்பிள்ளைகள் பிழையென்று திருத்துகின்றனர்.