தொலைவிலுள்ள கோப்புக்கு ஒரு பாலம்

கணினித் திரையில் திறக்கப்படும் கோப்புறையிலுள்ள படங்கள் அதே கணினியின் வட்டில் இருப்பினும், வேறோர் ஊரில் இயங்கும் சர்வரில் இருப்பினும், கோப்பு மேலாளர் அவற்றை ஒரே வடிவில்தான் அடுக்கிக் காட்டுகிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் க்னோம் திரைச்சூழலின் 'நாட்டிலஸ்' என்னும் கோப்பு மேலாளரை எடுத்துக்கொண்டால், இந்த ஒருமைக்குப் பின்னுள்ள உழைப்பு விளங்கும்.

வட்டில் தரவை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையே கோப்பு முறைமை. அதைக் கையாள்வது இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல். பிணையத்திலுள்ள கோப்புகளையும் கர்னலே இணைத்துத் தர இயலும் என்றாலும், அதற்குப் பொதுவாக நிர்வாகி உரிமை வேண்டும். நினைத்த நேரத்தில் சர்வரை இணைத்துத் துண்டிக்க விரும்பும் சாதாரணப் பயனருக்கு அது பொருந்தாது. ஆகவே 2008இல் க்னோம் 2.22 பதிப்பு, கர்னலுக்கு வெளியே இயங்கும் 'ஜிவிஎஃப்எஸ்' என்ற அடுக்கைக் கொண்டுவந்தது. இதில் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான எஸ்எஃப்டிபி, விண்டோஸ் பகிர்வு என ஒவ்வொரு வகை இணைப்பையும் பின்னணியில் ஓடும் தனித்தனி நிரல் கவனிப்பதால், ஒன்று செயலிழந்தாலும் கோப்பு மேலாளர் நிலைகுலைவதில்லை. இது மிக நல்ல வடிவமைப்பு.

ஆனால் இந்த அடுக்குடன் பேசும் நூலகத்தைப் பயன்படுத்தாத மென்பொருள்களுக்குச் சர்வரின் முகவரி புரியாது. அவற்றுக்குப் பாலமாக அமைவது 'ஃபியூஸ்'. 2005இல் லினக்ஸ் கர்னல் 2.6.14இல் சேர்க்கப்பட்ட இது, கோப்பைக் கேட்டு வரும் வேண்டுகோளைக் கர்னல் தானே நிறைவேற்றாமல், வெளியே இயங்கும் ஒரு சாதாரண நிரலிடம் ஒப்படைத்து, அது தரும் விடையைக் கேட்டவரிடம் சேர்க்க வழிசெய்கிறது. இதன் பயனாக, பயனர் எண் 1000 உடையவருக்கு 'ரன்', 'யூசர்', '1000', 'ஜிவிஎஃப்எஸ்' என்று ஒன்றனுள் ஒன்றாக அமைந்த கோப்புறைகளின் உள்ளே, இணைத்த சர்வர் ஒவ்வொன்றும் ஒரு கோப்புறையாகத் தோன்றும். பழைய படத்தொகுப்பு மென்பொருளும் அங்கிருந்து படத்தைத் திறந்துகொள்ளும். இத்தகைய பாலம் இல்லாத இடத்தில், கோப்பை முழுவதுமாகத் தற்காலிக நகலாக இறக்கி, திருத்தம் முடிந்தபின் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். பெரிய காணொளிக் கோப்புக்கு அது பெருஞ்சுமை.

எனினும் பாலம் தொலைவைக் குறைப்பதில்லை. படத்தின் சிறுவடிவத்தைக் காட்டக்கூட அந்தப் படத்தைப் பிணையம் வழியே படித்தாக வேண்டும் என்பதால், நாட்டிலஸ் தன் இயல்பான அமைப்பில் பயனரின் கணினியிலேயே உள்ள கோப்புகளுக்கு மட்டும் சிறுபடங்களை உருவாக்குகிறது.