இரவு தாண்டிய ஆட்டங்கள்

1957-இல் நெதர்லாந்தின் எம்மன் நகரில் பெண்களுக்கான முதல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வந்திருந்த அணிகள் 21. ஓர் அணிக்குப் போர்டு இரண்டுதான்; ஒருவர் சறுக்கினால் பாதி அணி போயிற்று. சோவியத் அணியின் முதல் போர்டில் அன்றைய உலகச் சாம்பியன் ஓல்கா ருப்த்சோவா. வயது 48, ஐந்து பிள்ளைகளின் தாய்.

அந்நாளில் ஓர் ஆட்டம் ஒரே அமர்வில் முடியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரமானதும் ஒத்திவைப்பார்கள். நகர்த்தவேண்டிய முறை யாருடையதோ, அவர் தன் அடுத்த நகர்த்தலை எதிராளி பாராமல் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிடுவார். அதன்பின் விடுதி அறையில் அதே நிலையைப் பரப்பிவைத்துக்கொண்டு தோழியரும் பயிற்சியாளரும் விடிய விடிய அலசலாம். மறு அமர்வில் வந்து உட்காருபவர் ஒருவர். அவர் ஆடுவதோ பலருடைய யோசனை. நல்ல பயிற்சியாளர்கள் நிறைந்த நாட்டுக்கு இது கொழுத்த லாபம், தனியாக வந்தவருக்கு அநியாயம். கணினி வலுத்த 1990-களில் இவ்வழக்கம் ஒழிந்தது. ஓர் இரவு முழுவதும் தேடிய விடையை இயந்திரம் நொடியில் சொல்லத் தொடங்கிய பிறகு, உறைக்கு என்ன மதிப்பு?

இன்று போர்டுகள் நான்கு. முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், மீதிக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். கூட்டு உழைப்பெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே, கணினித் திரையின் முன் முடிந்துவிடுகிறது. ஆட்டம் தொடங்கியபின் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தோழிகூட வாய் திறக்கக் கூடாது. டிரா செய்யலாமா, தோல்வியை ஒப்புக்கொள்ளலாமா என்பதைத் தவிர கேப்டனுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடின் பத்தாம் சுற்றும் அப்படி ஒவ்வொருவரும் தனியே ஆடியதுதான். இந்தியப் பெண்களுக்கு எட்டாம் சுற்றில் போலந்திடம் தோல்வி, ஒன்பதாவதில் அமெரிக்காவுடன் சமன். அடுத்து எதிரே சீனா. ஹரிகா, வைஷாலி, வந்திகா மூவரும் டிரா. மூன்றாம் போர்டில் 18 வயது திவ்யா தேஷ்முக், நி ஷிகுனை வென்றார். அந்த ஒரே வெற்றியால் 2½–1½.

நியாயம் கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஒரு நிலையைச் சுற்றி ஒரு நாடே கூடி உட்கார்ந்த அந்த இரவுகளுக்கு மட்டும் மாற்று இல்லை.

சீனாவை வென்ற மறுநாள் அஜர்பைஜானை 3½–½ என்று வீழ்த்திய இந்திய அணி, 22 புள்ளிகளில் 19 பெற்றுத் தன் முதல் தங்கத்தை வென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாமல்லபுரத்தில் கிடைத்தது வெண்கலம்.