துரையின் கணக்கும் பள்ளிக்கூடமும்

தகரக் கூரை வேய்ந்த ஒரே மண்டபம், ஒரே உபாத்தியாயர், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளெல்லாம் ஒன்றன் இரைச்சல் மற்றொன்றன்மேல் விழ அமர்ந்திருக்கும் காட்சி: இலங்கையின் ஹட்டன், நுவரெலியாப் பகுதி முதியோரின் ஞாபகத்தில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் இதுதான். 1920ஆம் வருஷத்துச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. கொழுந்தின் நிறையையும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்தவர்களின் தொகையையும் கணிப்பதே உத்தியோகமாகக் கொண்ட ஒருவரிடம், அந்தக் கொழுந்துக்கு நாளை வேண்டிய கைகளுக்கு ஏட்டைக் கொடுக்கும் காரியத்தை ஒப்புவித்தது எத்தகைய விவேகம் என்பதை வாசகரே நிதானித்துக்கொள்ளலாம்.

கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி தேசத்துக்கு வந்தது. தோட்டத்து எல்லைக்குள் மட்டும் பழைய நிர்வாகமே நீடித்தது. 1947இல் சட்டம் திருத்தப்பட்டு, அரசாங்கம் இப்பள்ளிகளை ஏற்க வழி பிறந்ததெனினும், மறு வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்க, வாக்கில்லாதவர் பள்ளிக்காகச் சபையில் வாதாட எவருக்கும் அவசரமில்லாமற் போயிற்று. 1960இல் உதவிபெறும் பள்ளிகள் அரசுடைமையானபோதும் தோட்டப் பள்ளிகள் சேர்க்கப்படவில்லை. தோட்டங்களே தேசவுடைமையான பிறகு, 1977 முதற்கொண்டுதான் அவை படிப்படியாக அரசாங்கத்தின் வசமாயின. முப்பது வருஷத் தாமதம் என்பது ஒரு தலைமுறை. எழுதப் படிக்க அறியாத தாய்மாரின் தலைமுறை.

பின்னர் சுவீடனும் ஜெர்மனியும் உதவின. கொட்டகலைக்கு அருகே பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மானிய உதவியின் பயன். எனினும் இன்றைய விவாதத்தின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் 1987ஆம் வருஷத்துப் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின், தேசியப் பாடசாலைகள் கொழும்பிலுள்ள அமைச்சுக்கும் ஏனையவை மாகாண சபைக்கும் உரியனவாயின. தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கற்பித்தற் சாதனங்களுக்கான பணம் பெரிதும் மாணவர் தொகையைப் பார்த்தே வகுக்கப்படுகிறது. தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடுவது நியாயம்போலத் தோன்றும். ஆய்வுகூடமுள்ள பள்ளிக்கும் அதற்கான அறையே இல்லாத பள்ளிக்கும் ஒரே படியால் அளப்பது சமத்துவமாகாது என்பது என் அபிப்பிராயம். இப்பள்ளிகளின் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்ப ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன் உள்ளூர் இளைஞரையே உதவி ஆசிரியராக நியமித்தார்கள். மாதம் ஆறாயிரம் ரூபாய் கொடுப்பனவு. பஸ் கட்டணம் போக எஞ்சியது எவ்வளவோ! தேசிய உற்பத்தியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டுமென்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுப்பிய கோரிக்கையைப் பின்னர் கட்சிகளும் வாக்குறுதியாக்கிக்கொண்டன. ஒதுக்கீடோ அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

சிறிய பள்ளிகளை ஒன்றாக இணைத்தால் சிக்கனமென்று வாதிப்போரும் உளர். தேசப்படத்தில் விரலளவு தூரத்திலுள்ள இரண்டு தோட்ட டிவிஷன்களுக்கு நடுவே ஓர் ஓடையும் செங்குத்தான சரிவும் கிடப்பதையும், ஆறு வயதுப் பிள்ளை அதை மழைக்காலத்தில் கடக்கவேண்டியிருப்பதையும் அவர்கள் கணக்கிற் சேர்ப்பதாகத் தெரியவில்லை. ஐந்தாந்தரத்தோடு நின்றுவிடும் பள்ளியை உயர்த்தலாமென்றால் அதற்குத் தோட்டத்து நிலத்தில் இடம் வேண்டும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போயிற்று. ஆகையால், பள்ளி அரசாங்கத்தினுடையதாகவே இருந்தும், ஒரு வகுப்பறையோ விளையாட்டு மைதானமோ கேட்கும் விண்ணப்பம் இன்றும் பல இடங்களில் துரையின் ஆபீசுக்கே போய்ச் சேருகிறது.