60 கோடி வதந்தி, 4.75 கோடி நிஜம்: தனஸ்ரீ வர்மா கதையில சம்பளக்காரங்களுக்கு என்ன இருக்கு?



2025 மார்ச்ல கிரிக்கெட் வீரர் யுஸ்வேந்திர சாஹல் கோர்ட்டுக்குப் போட்டுட்டு வந்த டீ-ஷர்ட் ஞாபகம் இருக்கா? "உனக்கு நீயே பணக்கார ஆதரவாளரா இரு"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ் வாசகம். அதுக்கு முன்னாடியே "60 கோடி ஜீவனாம்சம்"னு மீம் ஓடுச்சு. தனஸ்ரீ குடும்பம் அதை மறுத்தாங்க. ஆனா மறுப்பை யாரு ஃபார்வர்ட் பண்றாங்க?

மீமை விடுங்க, கணக்குக்கு வருவோம்.

யார் இந்த தனஸ்ரீ?

படிச்சது பல் மருத்துவம். பேர் வாங்கினது டான்ஸ்ல. சொந்தமா டான்ஸ் சொல்லிக்கொடுத்தார், யூடியூப் சேனல் வளர்த்தார். 2020 டிசம்பர் 22-ல குருகிராம்ல சாஹலோட கல்யாணம். அப்புறம் 'ஜலக் திக்லா ஜா' 11-வது சீசன்ல பாதியில நுழைஞ்சு ஃபைனல் வரைக்கும் போனார். 2025 மார்ச் 20-ல மும்பை பாந்த்ரா குடும்ப நீதிமன்றம் விவாகரத்து கொடுத்துச்சு. அதே நாள்ல அவர் நடிச்ச மியூசிக் வீடியோவும் ரிலீஸ். அதே வருஷம் 'ரைஸ் அண்ட் ஃபால்' ரியாலிட்டி ஷோ.

அதாவது கல்யாணத்துக்கு முன்னாடியும், நடுவுலயும், அப்புறமும் அவர் பேர்லயே வருமானம் வந்துட்டு இருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க.

4.75 கோடி எப்படிக் கொடுத்தாங்க?

2022 ஜூன்லயே பிரிஞ்சுட்டாங்க. 2025 பிப்ரவரியில ரெண்டு பேரும் சம்மதிச்சு மனு போட்டாங்க. இந்த மாதிரி மனுவுக்கு சட்டப்படி 6 மாசம் காத்திருக்கணும். ஆனா நியாயமான காரணம் இருந்தா அதைத் தளர்த்தலாம்னு 2017-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

பேசின தொகை 4.75 கோடி. அதுல சுமார் 2.37 கோடி ஏற்கெனவே கொடுத்தாச்சு. "பாதிதானே வந்திருக்கு, ஒப்பந்தம் முழுசா நிறைவேறல"ன்னு குடும்ப நீதிமன்றம் தளர்த்த மறுத்துச்சு. பாம்பே ஹைகோர்ட் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துச்சு. மீதித் தொகை விவாகரத்து கிடைச்ச பிறகுதான் தரணும்னு அதுல எழுதியிருந்துச்சு. அப்போ இதுல மீறலே இல்லைன்னு மார்ச் 19-ல காத்திருப்பைத் தளர்த்துச்சு.

ஒரே ஒரு வரி. "எப்போ, எவ்வளவு"ன்னு எழுதி வச்சதுதான் கேஸைத் திருப்புச்சு.

வரி விஷயம்? மொத்தமா வாங்குற ஜீவனாம்சம் மூலதன வரவு, வரி கிடையாது. மாசா மாசம் வந்தா அது வருமானம், வரி உண்டு. பாம்பே ஹைகோர்ட்டோட 1984 தீர்ப்பு இது. கொடுக்கிறவருக்கு இதுல வரிச் சலுகை எதுவும் கிடையாது.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்

கோடி நமக்கு எதுக்கு, எண்ணூர்ல ஷிப்ட் பாக்குற ஆளுக்கு இது என்னன்னு கேப்பீங்க. ஒரு கணக்கு போடுவோம்.

கணவர் எண்ணூர் ஃபேக்டரியில, கையில வர்றது 45,000. மனைவி ராயபுரத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல, 28,000. திருவொற்றியூர்ல ரெண்டு பேர் பேர்லயும் லோன் போட்டு ஃபிளாட், இ.எம்.ஐ. 24,000. அது முழுக்க அவர் அக்கவுண்ட்ல இருந்து போகுது. அவங்க சம்பளம்? மளிகை, பால், ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மாத்திரை.

6 வருஷம் கழிச்சு ஸ்டேட்மென்ட் எடுத்தா, அவர் வீட்டுக்குக் கட்டினது 17,28,000. அவங்க கட்டினது பூஜ்யம். ரெண்டு பேரும்தான் குடும்பத்தை இழுத்தாங்க, ஆனா பேப்பர்ல ஒருத்தர்தான் தெரியுறார். பிரிவு வந்தா மட்டும் இல்லைங்க, அவருக்கு ஏதாவது ஆகி சொந்தக்காரங்க பங்கு கேட்டு வந்தாலும் இதே பிரச்சினைதான்.

தீர்வு சிம்பிள். சம்பள விகிதத்துல பிரிங்க: அவர் சுமார் 14,800, அவங்க 9,200. மளிகைச் செலவையும் அதே மாதிரி பிரிச்சுக்கலாம். வீட்டுப் பத்திரத்துலயும் ரெண்டு பேர் பேர் இருந்தா, பழைய வரி முறையில இருக்கிறவங்க அவங்கவங்க கட்டுற வட்டிக்குத் தனித்தனியா கழிவும் வாங்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டிய மூணு வேலை

1. நாமினேஷன்: கல்யாணத்துக்கு முன்னாடி பி.எஃப்.ல அம்மா பேர் போட்டிருந்தா, கல்யாணம் ஆனதும் அது செல்லாது. புதுசா போடணும். பிரிஞ்சவங்களும் இன்ஷூரன்ஸ், பேங்க் எல்லாத்துலயும் நீங்களே போய் மாத்தணும், தானா மாறாது.

2. நகை: பெண்ணுக்குப் போட்ட நகை அவங்க சொத்து. கஷ்டத்துல கணவர் அதை எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கிற கடமை உண்டுன்னு 2024-ல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லியிருக்கு. பில், போட்டோ, அடகுச் சீட்டு மூணையும் பத்திரமா வைங்க.

3. ஜாயின்ட் லோன்: விவாகரத்து ஆனாலும் பேங்குக்கு ரெண்டு பேரும் கடன்காரங்கதான். ஒருத்தர் கட்டலைன்னா ரெண்டு பேர் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். யார் கட்டப் போறாங்கன்னு முடிவு பண்ணி, லோனை அவர் பேருக்கு மாத்துற வேலையை பேங்க்ல முடிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

"இதெல்லாம் பேசினா வீட்டுல சந்தேகப்படுறேன்னு நினைப்பாங்களே?"ன்னு தோணும். சீட்டு கட்டும்போது நோட்டுல எழுதி வாங்குறோமே, சீட்டு பிடிக்கிற அக்காவைச் சந்தேகப்பட்டா வாங்குறோம்? கணக்கு தெளிவா இருந்தா உறவுல ஒரு சண்டை குறையும்.

ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ரெண்டு பேரும் பாஸ்புக்கை எடுத்து வச்சு உக்காருங்க. இ.எம்.ஐ.ல ஆரம்பிங்க.