தந்தை செல்வாவின் கடிதம் டொரன்டோவில், சிலோன்காரர் அட்டை தகரப்பெட்டியில்

காங்கேசன்துறை உறுப்பினராக 1947-ல் இலங்கை நாடாளுமன்றத்துக்குள் போனவர் 'தந்தை செல்வா' எனப்படும் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். 1977-ல் கண்மூடும்போதும் அதே தொகுதியின் உறுப்பினர்தான். அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் இன்று டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் இருக்க வேண்டியவை அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் 1981-ல் யாழ் நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன பிறகு, அந்த நியாயத்தை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு டொரன்டோ கோப்பைப் பற்றி என்ன பேச்சு? இருக்கிறது. இலங்கையின் குடியுரிமைச் சட்டங்கள் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியதை எதிர்த்து, இருந்த கட்சியை விட்டு வெளியேறித்தான் அவர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு செய்த ஒப்பந்தத்தில் இந்த மக்களுக்குக் கிடைத்தது, விரைவில் கவனிக்கிறோம் என்ற உறுதிமொழி மட்டும். மறு வருடம் அந்த ஒப்பந்தமும் போயிற்று.

பிறகு 1964. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, ஒப்பந்தம் போட்டுப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. மறு வருடமே அது டட்லி சேனநாயக்காவின் அரசில் பங்கேற்றது. ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டத்தை 1967-ல் கொண்டுவந்ததும் அந்த அரசுதான். டொரன்டோ கோப்புகளைப் புரட்டப் போகும் ஆய்வாளர்களே, 1964 முதல் 1968 வரையிலான தாள்களை முதலில் எடுங்கள். எதிர்த்தவர்கள் எப்படி அடங்கினார்கள் என்று கப்பலேறிய குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும்.

தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் ஒரு குடும்ப அட்டை கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்துக்கு வந்தார்கள். புனலூர் பக்கம் அவர்களுக்கென்றே 1976-ல் ரப்பர் தோட்டக் கம்பெனி தொடங்கப்பட்டது. வண்டிப்பெரியாறிலிருந்து மலையேறினால் வரும் கவியில், வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் குடியேறியவர்களும் உண்டு. 2012-ல் வந்த 'ஆர்டினரி' மலையாளப் படத்துக்குப் பிறகு கவிக்குச் சுற்றுலாக் கூட்டம் குவிகிறது. யானை பார்க்க வருகிறவர்கள், ஏலக்காய் பறிக்கிற கை எந்த ஊர்க் கை என்று கேட்பதில்லை.

என் கவலை அந்த அட்டையைப் பற்றித்தான். பட்டியல் சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950-க்கு முன் உங்கள் முன்னோர் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று கேட்கிறார்கள். இடுக்கித் தோட்டத் தமிழர்களைப் பல காலமாக அலையவிட்ட கேள்வி இது. 1950-ல் தாத்தா இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார் என்றால், பேரன் எந்த வில்லேஜ் ஆபீசில் போய் எதைக் காட்டுவான்? அவன் கையில் இருப்பது நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, மை மங்கிய அந்த அட்டையும் பழைய பாஸ்போர்ட்டும்தான். அவற்றிலும் ஒரு காகிதத்தில் ராமசாமி, இன்னொன்றில் ராமையா. இலங்கையில் எழுதியவர் ஒருவர், மண்டபத்தில் எழுதியவர் வேறொருவர்.

விதியைத் தளர்த்தி ஓர் உத்தரவு போட்டால் தீர்ந்தது, பழைய தாளுக்கு ஏன் அழ வேண்டும் என்பாரும் உண்டு. தளர்த்தட்டும். தளர்த்திய உத்தரவும் ஏதோ ஒரு தாளைக் கேட்கத்தான் போகிறது.

ஆகவே, தலைவரின் தாளுக்குக் கிடைத்த கவனிப்பு தொழிலாளியின் தாளுக்கும் வேண்டும். கேரளத்தில் வாசகசாலைக்குப் பஞ்சமில்லை. ஈழத்து ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனமும் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ வண்டிப்பெரியாறிலோ, உங்கள் வீட்டுப் பெட்டியில் சிலோனில் எடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு எது இருந்தாலும் வெளியே எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பழைய தாளை அது கெடுத்துவிடும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து, பெயரும் தோட்டமும் கப்பலேறிய வருடமும் எழுதி, ஒரு பிரதியை ஊர் வாசகசாலையில் கொடுத்து வையுங்கள். பாட்டி இருக்கும்போதே செய்யுங்கள், அந்த வருடம் அவருக்குத்தான் தெரியும்.